அக்ரிகன் எந்த இடத்தில் வெட்டுப்பட்டது? பிசி-3 ஆன்டிபாடி சொல்லும் விடை

[திரையில்: குருத்தெலும்பின் குறுக்குவெட்டு; அதிலிருந்து ஒற்றை அக்ரிகன் மூலக்கூறு]

மூட்டுத் தேய்மானத்தில் கொலாஜன் வலை சிதைவதற்கு முன்பே அக்ரிகன் வெட்டுப்பட்டு வெளியேறத் தொடங்கிவிடும். குருத்தெலும்புக்குள் நீரைப் பிடித்துவைத்து, மூட்டில் இறங்கும் அழுத்தத்தைத் தாங்கும் புரதம் இது. வெட்டு விழுந்த இடம் தெரிந்தால், வெட்டிய நொதி எந்த வகை என்றும் தெரிந்துவிடும்.

[திரையில்: ஜி1, ஜி2 பகுதிகள், நடுவில் இரண்டு அம்புக்குறிகள்]

ஜி1, ஜி2 என்ற இரண்டு உருண்டைப் பகுதிகளுக்கு இடையிலுள்ள துண்டைப் பாருங்கள். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ்கள் என்ற புரதம் வெட்டும் நொதிகள் 341, 342 ஆகிய அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டுகின்றன. அக்ரிகனேஸ்கள், அதாவது ஆடம்டிஎஸ்-4, ஆடம்டிஎஸ்-5 ஆகியவை, 373-க்கும் 374-க்கும் நடுவே வெட்டுகின்றன. தரவுத்தளத்தில் தேடினால் இந்த இடம் 392, 393 என்று வரும். அங்கே புரதத்தின் தொடக்கத்தில் இருந்து பின்னர் நீக்கப்படும் 19 அமினோ அமில சிக்னல் பெப்டைடையும் சேர்த்து எண்ணுகிறார்கள். குழம்ப வேண்டாம்.

அக்ரிகனேஸ் வெட்டியதும் அலனைன், ஆர்ஜினின், கிளைசின், செரின் என்று தொடங்கும் புதிய முனை ஒன்று பிறக்கிறது. புரூஸ் கேட்டர்சனும் சக ஆய்வாளர்களும் 1995-இல் விவரித்த பிசி-3 ஆன்டிபாடி அந்த முனையை மட்டுமே பிடிக்கும். வெட்டுப்படாத அக்ரிகனிலும் இதே வரிசை இருக்கிறது, ஆனால் சங்கிலியின் நடுவில் இருப்பதால் பிசி-3 அதில் ஒட்டாது. இவ்வளவு கறாரான ஆன்டிபாடி கையில் இருந்தும், புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் பலருக்கு வெறுமையாக வருகிறது. காரணம் பெரும்பாலும் மாதிரியைத் தயாரித்த விதம்தான்.

[திரையில்: சர்க்கரைச் சங்கிலிகளோடு அக்ரிகன்]

அக்ரிகனின் உள்புரதம் சுமார் 250 கிலோடால்டன். அதன்மேல் பாட்டில் கழுவும் பிரஷ் போல ஏறத்தாழ நூறு காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருப்பதால், மொத்த எடை 20 லட்சம் டால்டனைத் தாண்டும். அப்படியே ஏற்றினால் ஜெல்லுக்குள் நுழையாமல் கிணற்றிலேயே நின்றுவிடும். சங்கிலிகளை முதலில் நீக்கியே ஆக வேண்டும்.

திசுவிலிருந்து எடுப்பதானால் 4 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில், புரோட்டியேஸ் தடுப்பான்கள் சேர்த்து, 4 டிகிரியில் 48 மணி நேரம் கலக்கிக்கொண்டே வையுங்கள். பிறகு டயாலிசிஸ் செய்து, அதாவது சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் சவ்வுப் பைக்குள் வைத்து, குவானிடினை முழுக்க வெளியேற்றுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் ஜெல்லில் பயன்படும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து லேனைக் கெடுக்கும். வளர்ப்பு ஊடகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை; டயாலிசிஸ் செய்து செறிவாக்கினால் போதும்.

டைமெத்தில்மெத்திலீன் புளூ என்ற சாயச் சோதனையில் கிளைகோசமினோகிளைக்கனை, அதாவது இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை, அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் சங்கிலிகளை வெட்டும் நொதிகளான காண்ட்ராய்ட்டினேஸ் ஏபிசி 0.01 யூனிட், அதே அளவு கெரட்டனேஸ், 37 டிகிரியில் ஓர் இரவு. புரோட்டியேஸ் கலப்பில்லாத தர நொதியையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மலிவான நொதியில் ஒட்டியிருக்கும் புரோட்டியேஸ் பொய்யான துண்டுகளை உண்டாக்கிவிடும். பஃபரில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ 10 மில்லிமோலார் இருக்கட்டும். மாதிரியில் மிஞ்சிய அக்ரிகனேஸ் அதோடு நின்றுவிடும், காண்ட்ராய்ட்டினேஸ் தன் வேலையைத் தொடரும்.

[திரையில்: 4–12 சதவீத கிரேடியன்ட் ஜெல்]

லேனுக்கு 10 மைக்ரோகிராம் கிளைகோசமினோகிளைக்கன் என்று சமமாக ஏற்றினால் துண்டுகளின் விகிதத்தை ஒப்பிடலாம். மொத்தம் எவ்வளவு வெளியேறியது என்பதே கேள்வியானால், சம கனஅளவு ஏற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தவறான முடிவுக்கு வருவதுண்டு. பெரிய துண்டுகள் சவ்வுக்கு மெதுவாகவே நகரும், அதனால் ஈர முறை டிரான்ஸ்ஃபரில் மெத்தனாலைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள்.

பட்டை வரவில்லையா? பிசி-3-ஐச் சந்தேகிப்பதற்கு முன் 2பி6 ஆன்டிபாடியைப் போட்டுப் பாருங்கள். காண்ட்ராய்ட்டினேஸ் வெட்டியபின் உள்புரதத்தில் மிஞ்சும் 4-சல்ஃபேட் சர்க்கரைக் குச்சத்தை அது பிடிக்கும். நொதி போட்ட லேனிலும் 2பி6 தெரியவில்லை என்றால் சங்கிலி நீக்கமே நடக்கவில்லை. 2பி6 தெரிந்து பிசி-3 தெரியாவிட்டால்தான் அக்ரிகனேஸ் வெட்டு இல்லை என்று சொல்லலாம். அதற்கும் ஆடம்டிஎஸ்-4 கொண்டு வெட்டிய தூய அக்ரிகன் பக்கத்து லேனில் தெரிந்திருக்க வேண்டும். எலி மாதிரியா? அங்கே அந்தச் செரினின் இடத்தில் அஸ்பராஜின் இருக்கிறது. மனித, மாட்டு மாதிரிகளில் கிடைத்த முடிவை நம்பி நேரடியாக இறங்காதீர்கள்.

பட்டை உண்மையானதா என்று உறுதிசெய்ய இரண்டு பெப்டைடுகள் தேவை. புதிய முனையில் தொடங்கும் பெப்டைடோடு ஆன்டிபாடியை முன்கூட்டியே கலந்தால் பட்டை மறைய வேண்டும். வெட்டிடத்தின் இருபுறமும் நீளும் பெப்டைடோடு கலந்தால் பட்டை அப்படியே நிற்க வேண்டும்.

வெட்டின் மறுபாதியை ஊடகத்தில் தேட வேண்டாம். ஜி1 பகுதி திசுவிலுள்ள ஹையலூரோனன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் திசுவிலேயே தங்கிவிடும். அதன் முனையைப் பிடிக்கும் பிசி-13 ஆன்டிபாடியைத் திசுச் சாற்றில் போட்டுப் பாருங்கள்.