நுணல் ஏன் கத்துகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வேண்டாததைப் பேசி மாட்டிக்கொண்டவரைப் பார்த்து 'நுணலும் தன் வாயால் கெடும்' என்கிறோம். நுணல் என்றால் தவளை. பழமொழி நானூற்றில் இதற்கு முன்னால் இன்னோர் அடி இருக்கிறது: 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்'. பேச்சுவழக்கில் அது உதிர்ந்துபோயிற்று. எனக்கோ அந்த அடிதான் பெரிது. தவளையை உட்கார்ந்து கவனித்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

மணலில் புதையும் தவளைகள் நம் ஊர்ப்பக்கம் இன்றும் உண்டு. உருண்டை உடம்பு, குட்டைக் கால்கள். பின்னங்கால் பாதத்தில் மண்வெட்டி போல ஒரு கெட்டியான மேடு. அதைக்கொண்டு மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்புறமாகவே இறங்கும். முகம் கடைசியாகத்தான் மறையும். கோடை முழுக்க உள்ளே கிடந்துவிட்டு, மழை விழுந்ததும் மேலே வந்து கத்தும். சத்தம் கேட்டால் பிடித்துத் தின்ன ஆள் வரும்தான்.

பிறகு ஏன் கத்துகிறது? கத்துவது ஆண் தவளை. வாயைத் திறப்பதுகூட இல்லை. மூடிய வாய்க்குள்ளேயே காற்று நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்குமாகப் போய்வருகிறது. அந்தக் குரலை வைத்துத்தான் பெண் தவளை தன் இனத்தைக் கண்டுபிடித்து வரும். குட்டையில் தண்ணீர் சில வாரங்களே நிற்கும். அதற்குள் முட்டையிட்டு, பொரிந்து, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும். அன்றிரவு வாய்மூடிக் கிடந்த தவளை பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு வாரிசு இருக்காது. பழமொழி இந்தப் பாதியைச் சொல்லவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தவளை இருக்கிறது. கருஊதா நிறம், கூம்பிய மூக்கு, பொட்டுக் கண். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்கிறது. ஆண் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே கத்துகிறது. 2003இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. நெருங்கிய உறவுகள் இருப்பது கடல் கடந்த செஷெல்ஸ் தீவுகளில்! அதன் இன்னோர் இனத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில் கண்டு 2017இல் அறிவித்தார்கள். 2014இல் அகத்தியமலைக் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அவர் பெயர் ஒரு தவளையோடு நிலைத்திருப்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

சங்கப் புலவர்களுக்கு இந்த ஒலி இனிமையாகவே இருந்திருக்கிறது. சுனையில் தேரை ஒலிப்பது தினைப்புனத்தில் கிளி ஓட்டும் தட்டைப் பறைபோல் கேட்கிறது என்கிறார் குறுந்தொகையில் அரிசில் கிழார். அப்படிப்பட்ட தேரைமேல் பிற்பாடு எத்தனை பழி! தேங்காய் உடைத்து உள்ளே பருப்பில்லை என்றால் 'தேரை மோந்த காய்'. குழந்தை இளைத்தால் 'தேரை விழுந்துவிட்டது'.

சில ஊர்களில் சுவரில் ஒட்டும் மரத்தவளை தேரை. சில ஊர்களில் சொறித்தவளை. எதுவானாலும் மட்டையைத் துளைக்கும் வாய் அதற்குக் கிடையாது. சொறித்தவளைக்குப் பல்லே இல்லை. ஈ, எறும்பு, வண்டு என்று அசையும் பூச்சியை நாக்கால் இழுத்து முழுங்குவதுதான் அதன் சாப்பாடு. மகரந்தச் சேர்க்கை சரியில்லாவிட்டாலும், சாம்பல்சத்தோ போரானோ குறைந்தாலும் காய் ஒல்லியாகும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இளைத்த குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். தேரையைக் கல்லால் அடிக்காதீர்கள். அது உங்கள் வீட்டுக் கொசுவையும் கறையானையும் தின்றுகொண்டிருக்கிறது.

வணக்கம்.