ராஜாவையே சாய்ச்ச குட்டி விலங்கு! புல்தரையைக் கிளப்புற மோலைப் பிடிக்கிறது எப்படி?

[திரையில்: விடிகாலை. பச்சைப் புல்தரை நடுவுல, நேத்து இல்லாத ஒரு மண்மேடு.]

1702-ஆம் வருஷம், பிப்ரவரி மாசம். இங்கிலாந்து ராஜா மூன்றாம் வில்லியம், லண்டனுக்குப் பக்கத்துல இருக்கிற ஹாம்ப்டன் கோர்ட் பூங்காவுல குதிரை மேல போயிட்டிருக்கார். குதிரை பேரு சோரல். போற போக்குல அதோட கால் ஒரு சின்ன மண்மேட்டுல இடறுது. ராஜா கீழ விழுறார். காறை எலும்பு உடையுது. அதைத் தொடர்ந்து காய்ச்சல், நுரையீரல்ல சளி. மார்ச் 8-ஆம் தேதி உயிர் போயிடுச்சு.

எத்தனையோ போர்க்களத்தைப் பார்த்தவர் அவர். அவரைச் சாய்ச்சது, ரெண்டு கைக்குள்ள அடங்கிடுற ஒரு விலங்கு கிளப்பிவிட்ட மண்! அவருக்கு ஆகாதவங்க, அதாவது அவருக்கு முன்னாடி ராஜாவா இருந்து நாட்டை விட்டு ஓடவேண்டி வந்த இரண்டாம் ஜேம்ஸோட ஆளுங்க, அதுக்கப்புறம் மதுக்கோப்பையைத் தூக்கும்போது "கறுப்பு வெல்வெட் சட்டை போட்ட குட்டி கனவானுக்கு"ன்னு சொல்லிக் குடிக்கிறதை வழக்கமாவே வெச்சிருந்தாங்க.

அந்தக் குட்டி கனவான்தான் இன்னைக்கு நம்ம கதாநாயகன். பேரு மோல். தமிழ்ல அகழெலி. உங்க வீட்டுப் புல்தரையில வரிசையா மண்ணைக் குவிச்சு வெச்சிருக்கா? கடைசி வரைக்கும் பாருங்க. பொறி வெச்சும் மாட்டலைன்னு வெறுத்துப் போனவங்க கண்டிப்பா பாருங்க, ஏன்னா தப்பு எங்க நடக்குதுன்னு எனக்குத் தெரியும். நானும் அதே தப்பைப் பண்ணியிருக்கேன்.

பின்னணியை வேகமா முடிச்சிடுறேன். அகழெலின்னு பேருல எலி இருக்கே தவிர, இது எலி இனமே இல்ல. மூஞ்சூறும் முள்ளெலியும்தான் சொந்தக்காரங்க. சாப்பாடு மண்புழு, மண்ணுக்குள்ள இருக்கிற வண்டுப்புழு. செடி வேரைத் தின்னாது. வேர் கடிபட்டிருந்தா அது வேற யாரோ பண்ணின வேலை. அவ்வளவுதான், வாங்க.

முதல்ல, வந்திருக்கிறது மோல்தானான்னு பாருங்க. மண்மேடு எரிமலை மாதிரி வட்டமா குவிஞ்சு, மண் நடுவுலேர்ந்து பொங்கி வந்த மாதிரி இருந்தா மோல். விசிறி மாதிரி ஒரு பக்கமா சரிஞ்சு, ஓரத்துல அடைச்ச துளை தெரிஞ்சா அது கோஃபர், வளை தோண்டுற வேற ஒரு கொறி விலங்கு. மண்மேடே இல்லாம, புல்லுக்கு நடுவுல கத்தரிச்ச பாதையும் திறந்த துளையும் இருந்தா அது வோல், வயல் எலி மாதிரி ஒண்ணு. இதுல ஆளை மாத்திப் புரிஞ்சுக்கிட்டா அடுத்து செய்யற எல்லாமே வீண்.

இப்போ முக்கியமான விஷயம். எலிப்பொறின்னா என்ன பண்ணுவோம்? தீனி வெப்போம். வாசனை பிடிச்சு எலி நம்மளைத் தேடி வரும். மோல் பொறியில தீனியே கிடையாது! அதோட வீடு முழுக்க உயிரோட நெளியிற மண்புழு. நாம வெக்கிற எதுக்கும் அது மயங்காது. அப்போ பொறி எப்படி வேலை செய்யுது? அது தினமும் நடக்கிற வழியில பொறி இருக்கணும். அவ்வளவுதான் ரகசியம். பொறி எந்தக் கம்பெனி, எவ்வளவு விலைங்கிறதெல்லாம் அப்புறம். வழி தப்பினா எந்தப் பொறியும் சும்மா கிடக்குற இரும்புதான்.

முதல் தடவை நான் பொறியைக் கொண்டுபோய் மண்மேட்டுக்கு நேரா வெச்சேன். மண் அங்கதானே வருது, ஆளும் அங்கதானே இருக்கும்னு நினைச்சேன். நாலு நாள் ஒண்ணுமே மாட்டலை. அஞ்சாவது நாள் பொறிக்குப் பக்கத்துலயே இன்னொரு மண்மேடு. காரணம் பிறகுதான் புரிஞ்சுது. மண்மேடுங்கிறது அது குப்பை கொட்டுற இடம். சுரங்கம் தோண்டும்போது வர்ற மண்ணை, பக்கவாட்டுல ஒரு குழாய் மாதிரி வெட்டி மேல தள்ளிடுது. தள்ளி முடிச்சதும் அந்தப் பக்கம் அதுக்கு வேலை இல்ல. அது போய் வர்ற வீதி வேற.

இந்த வீதியைக் கண்டுபிடிக்கிறதுல ஒரு ஆளு பெரிய மன்னன். பிரான்ஸ்ல, புரட்சி நடந்த காலத்துல, ஹென்றி லெ கூர்னு ஒருத்தர். அரசவையோட தொடர்புல இருந்தவர், புரட்சியில எல்லாம் போனதும் கிராமப்பக்கம் ஒதுங்கி, மிச்ச வாழ்க்கையை மோலுக்கே கொடுத்துட்டார். அவரோட வேலையைக் கேள்விப்பட்டு, ஜெஃப்ரா சேன் இலேர்ங்கிற பெரிய விலங்கியல் அறிஞரே அவரைத் தேடிப் போனார்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சோதனையைப் பார்த்தாங்க. எனக்கு இதைப் படிச்சதுலேர்ந்து மனசை விட்டுப் போகலை. மோல் போய் வர்ற ஒரு நீளமான சுரங்கம். அதோட கூரையில வரிசையா வைக்கோல் தாளைக் குத்தி வெச்சாங்க. ஒவ்வொரு தாளோட அடி நுனியும் சுரங்கத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். மேல் நுனியில ஒரு காகிதக் கொடி. உள்ள எது போனாலும் தாள் ஆடும், மேல கொடி அசையும். மண்ணுக்கு அடியில நடக்கிறதை மண்ணுக்கு மேலேர்ந்து பார்க்க வைக்கோலும் காகிதமும் போதும்! கேமரா இல்லாத காலம் அது, யோசிச்சுப் பாருங்க.

மோல் ஒரு கோடியில இரை தேடப் போற நேரமா பார்த்து, சுரங்கத்தைத் திறந்து உள்ள ஒரு ஊதுகொம்பை வெச்சு 'பூம்'னு ஊதினாங்க. அவ்வளவுதான். பட், பட், பட்டுன்னு கொடி ஒண்ணொண்ணா ஆடி விழுது. பயந்துபோன மோல், வளையைப் பார்த்து ஓடுது. பார்த்துக்கிட்டு இருந்தவங்க, குதிரை துள்ளு நடையில ஓடுற வேகம் இருக்கும்னு சொன்னாங்க. அந்த வேகக் கணக்கை நான் அப்படியே ஏத்துக்கலை, குதிரைங்கிறது கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா அந்தக் கொடி யோசனை இருக்கே, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். இன்னைக்கு நாம பண்ணப் போறதும் அதோட எளிய வடிவம்தான்.

[திரையில்: குதிகாலால புல்தரையை மெல்ல அழுத்துற காட்சி, நெருக்கத்துல.]

புல்தரையில மெதுவா நடந்து பாருங்க. சில இடத்துல பாதம் புதையும், கேக் மேல கால் வெச்ச மாதிரி. கீழ சுரங்கம் இருக்குன்னு அர்த்தம். வளைஞ்சு நெளிஞ்சு எங்கெங்கேயோ போறதெல்லாம் இரை தேடப் போட்ட வழி. அதுல பலது ஒரு தடவை போயிட்டு விட்டுட்டது. நேரா போறதைத் தேடுங்க. வேலி ஓரம், நடைபாதை ஓரம், சுவர் ஓரம், இல்லைன்னா ரெண்டு மண்மேட்டை இணைக்கிற கோடு. அதுதான் வீதி.

அந்தக் கோட்டுல அஞ்சாறு இடத்துல, ஒரு அடி நீளத்துக்குக் குதிகாலால அமுக்கிவிடுங்க. பக்கத்துலயே ஒரு குச்சியை நட்டு வைங்க. மறுநாள் காலையில வந்து பாருங்க. அமுக்கின இடம் மறுபடி எழும்பியிருக்கும், புல்லுக்கு அடியில மெல்லிசா விரிசல் விட்டிருக்கும், விரிசல்ல ஈரமண் தெரியும். அந்த இடத்தைத்தான் நாம தேடிக்கிட்டு இருந்தோம்! ஐரோப்பிய மோல் சுமார் 4 மணி நேரம் வேலை, கிட்டத்தட்ட அதே அளவு ஓய்வுன்னு ராத்திரி பகல் பார்க்காம சுத்துது. அதனால உபயோகத்துல இருக்கிற வழியை ஒரு நாளைக்குள்ள சரி பண்ணிடும். ரெண்டு நாளாகியும் அமுங்கினது அமுங்கினபடியே இருந்தா, அந்த வழியை விட்டுடுங்க.

இதைப் பண்ணாம முழுத் தோட்டத்தையும் மண்வெட்டியால கொத்திப் போட்டவங்களை எனக்குத் தெரியும். மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிறதும்பாங்களே, அதே கதை. அந்த எலியும் கிடைக்கலைங்கிறதுதான் வருத்தம்.

பொறி வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நீங்க இருக்கிற இடத்தோட சட்டத்தைப் பார்த்துக்குங்க. ஜெர்மனியில மோல் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அனுமதி இல்லாம பிடிக்கவோ கொல்லவோ கூடாது. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநில வாக்காளர்கள், உடலைக் கவ்வுற பொறிகளுக்கு 2000-ஆம் வருஷமே தடை போட்டாங்க, மோல் பொறியும் அதுல அடக்கம். இன்னொண்ணு, என் மனசுல பட்டதைச் சொல்றேன். தோட்டத்து மூலையில ரெண்டு மண்மேடு தெரியுதுங்கிறதுக்காக ஒரு உயிரைக் கொல்ல வேண்டாம். யாராவது கால் இடறி விழுற இடம், நாத்து நட்ட பாத்தி, அப்படின்னா சரி, பிடிங்க. பிடிச்சா அது தவிக்காம போகணும். இதுல நான் பிடிவாதக்காரன்.

அதனாலயே பொறியில என் தேர்வு கத்தரிப் பொறி. ரெண்டு ஜோடித் தாடை, நடுவுல ஒரு தகடு. ஈட்டி மாதிரி மேலேர்ந்து குத்துற வகையும் இருக்கு, வெக்கிறது சுலபம். ஆனா குறி கொஞ்சம் விலகினாலும் விலங்கு பாதி உயிரோட கிடக்கும். நான் அதைத் தொடறதில்ல.

வெக்கிற முறை. கையுறை போட்டுக்குங்க, ஸ்பிரிங் பலமானது. வீதின்னு உறுதியான இடத்துல பொறியோட அகலத்துக்குப் புல்லை ஒரே துண்டா வெட்டி எடுத்து, தூக்கி ஓரமா வைங்க. கீழ சுரங்கம் வட்டமா, சுவர் வழவழன்னு பூசின மாதிரி தெரியும். அதுவே ஒரு நல்ல அடையாளம், நிறைய தடவை போய் வந்த வழிதான் அப்படி மழமழன்னு ஆகும். உள்ள விழுந்த கல்லையும் வேரையும் எடுத்துடுங்க, தாடைக்கு நடுவுல கல் மாட்டினா பொறி முழுசா மூடாது. அப்புறம் சுரங்கத்து நடுவுல ஒரு கைப்பிடி ஈரமண்ணை வெச்சு அடைப்பு மாதிரி அமுக்குங்க. பொறியைச் சுரங்கத்துக்குக் குறுக்கே கால் பரப்பின மாதிரி இறக்குங்க, தகடு அந்த அடைப்பு மண்ணைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். பாதுகாப்புக் கொக்கியைக் கடைசியா எடுங்க. விரல் எப்பவும் தாடைக்கு வெளியில.

இப்போ நடக்கிறதைக் கவனிங்க. மோல் வருது. வழியில அடைப்பு. கூரை சரிஞ்சிடுச்சுன்னு அது நினைக்கும். வழக்கம்போல மண்ணை மேல தள்ளும். தகடு தூக்கும். முடிஞ்சுது. வழியைப் பராமரிக்கிற அதோட நல்ல பழக்கம்தான் பொறியோட விசை.

மேல வெளிச்சமும் காத்தும் உள்ள போகாம உதிர் மண்ணால மூடிடுங்க. இது ஏன் அவ்வளவு முக்கியம்? வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல கென்னத் கட்டானியான்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2013-ல ஒரு வேடிக்கையான சோதனை பண்ணினார். மோலோட ஒரு மூக்குத் துவாரத்தை அடைச்சார். அது மண்புழு இருக்கிற இடத்துக்கு நேரா போகாம, திறந்த துவாரத்துப் பக்கமா விலகிப் போச்சு. சின்னக் குழாய் மாட்டி, இடது மூக்குக்கு வர்ற வாசனையை வலதுக்கும், வலதுக்கு வர்றதை இடதுக்கும் மாத்தினார். பாவம், அது குழம்பிப்போய் அங்கயும் இங்கயும் அலைஞ்சுது. நம்ம ரெண்டு காதும் சத்தம் எந்தப் பக்கம்னு சொல்ற மாதிரி, அதோட ரெண்டு மூக்கும் வாசனை எந்தப் பக்கம்னு சொல்லுது! இவ்வளவு நுணுக்கமான மூக்குக்காரனோட வீட்டுல ஒரு ஓட்டையைத் திறந்து வெச்சா கண்டுபிடிக்காம இருக்குமா? பிடிச்சு, மண்ணைத் தள்ளி பொறியையே புதைச்சு வெச்சுட்டுப் போயிடும்.

பொறிக்கு மேல ஒரு பக்கெட்டைக் கவுத்து, மேல ஒரு செங்கல்லை வைங்க. குழந்தைங்க, நாய், பூனை கிட்ட போகக்கூடாது. காலையும் சாயங்காலமும் தவறாம பாருங்க. ரெண்டு நாள் மாட்டலைன்னா அடுத்த வீதிக்கு மாத்துங்க. மழை பெஞ்சு மண் ஈரமா இருக்கிற நாள்தான் நல்ல நாள். மண் காய்ஞ்சாலோ உறைஞ்சாலோ புழுவோட சேர்ந்து மோலும் ஆழத்துக்கு இறங்கிடும்.

உயிரோட பிடிச்சு வேற எங்கயாவது விடலாமேன்னு கமெண்ட்ல கேட்பீங்க. நல்ல மனசுதான். ஆனா ஒரு நாளைக்குத் தன் எடையில பாதிக்கு மேல சாப்பிடுற உடம்பு அது. கூண்டுல சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துடும். விடுற இடத்துல ஏற்கெனவே ஒருத்தன் இருந்தா சண்டை வேற. எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்றது மோலுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும், இணை சேர்ற காலம் தவிர எப்பவும் தனி ஆள்தான். உயிரோட பிடிக்கிறதுன்னா, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க முடியுமான்னு யோசிச்சுட்டுப் பண்ணுங்க.

சூயிங் கம், கண்ணாடித் துண்டு, அந்துருண்டை, அதிர்ற குச்சி, குழாய்த் தண்ணி... எதையும் நம்பாதீங்க. அந்துருண்டை மண்ணையும் கெடுக்கும்.

இன்னொரு நல்ல செய்தி. பத்துப் பதினஞ்சு மண்மேடு இருந்தாலும், சராசரி வீட்டுத் தோட்டத்துல வேலை பார்க்கிறது பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோதான். ஒண்ணு மாட்டினதும் எல்லா வழியையும் அமுக்கிவிட்டுடுங்க. காலியா விட்டா பக்கத்துக் காட்டுலேர்ந்து புதுசா ஒண்ணு வந்து குடியேறும், தோண்டுற வேலை கூட அதுக்கு மிச்சம்.

அப்புறம் அந்த மண்மேட்டை மண்வாரியில அள்ளித் தூக்கிப் போட்டுடாதீங்க. கையில எடுத்து உதிர்த்துப் பாருங்க, கட்டியே இருக்காது, சலிச்ச மாதிரி பொலபொலன்னு இருக்கும். கொஞ்சம் மட்கு கலந்தா தொட்டிச் செடிக்கு அருமையான மண்.

உங்க தோட்டத்து மண்மேட்டைப் போட்டோ எடுத்து வைங்க. மண் நடுவுலேர்ந்து வந்திருக்கா, ஓரத்துலேர்ந்து வந்திருக்கான்னு கமெண்ட்ல எழுதுங்க. குதிகால் சோதனை பண்ணி மறுநாள் எத்தனை இடம் எழும்பியிருந்துச்சுன்னும் சொல்லுங்க. ஒவ்வொண்ணையும் படிச்சு பதில் போடுறேன்.