அடிக்கட்டையில் எழுதி வைத்தவை

வணக்கம் நேயர்களே. செக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேச முடியுமா என்று இந்த நிகழ்ச்சிக்காரர்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேசுவதற்கு நான் தயார், நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். காசோலை என்று சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் ஒரு வங்கியின் கிளியரிங் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து அதைப் புரட்டியவன் நான். அங்கே ஒருநாளும் யாரும் 'அந்தக் காசோலைக் கட்டை எடு' என்று சொன்னதில்லை. அதனால் செக் என்றே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாகச் செக் எழுதியது எப்போது? யோசித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. இளைய நேயர்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது, வேலையில் சேரும்போதோ கடன் வாங்கும்போதோ ஒரு செக் கேட்டார்களே, குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதிக் கொடுத்தோமே, அதுவாகத்தான் இருக்கும். அதாவது வாழ்க்கையில் எழுதிய ஒரே செக், செல்லாத செக்.

சரி, செல்லும் செக் எழுதுகிறவர் என்ன செய்வார் என்று மெதுவாக நினைத்துப் பாருங்கள். முதலில் தேதி. அப்புறம் யாருக்கு என்று பெயர். அப்புறம் தொகையை எழுத்தில், கோட்டின் இடது ஓரத்திலேயே ஒட்டித் தொடங்க வேண்டும், முன்னால் யாரும் ஒரு வார்த்தையைச் செருகிவிடக் கூடாது. முடிவில் 'மட்டும்' என்று போட்டு, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு அதே தொகையை எண்ணில், நெருக்கமாக. கடைசியில் கையெழுத்து. இதற்குள் ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில், 'ஆயிரத்து' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே, இது இப்போது தேவையா என்று கைக்கே ஒரு சந்தேகம் வரும். பாதி எழுதிய செக்கைக் கிழித்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த வங்கிக்கும் தெரியாது.

இதோடு முடியவில்லை. செக்கைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் ஒரு துண்டு மிஞ்சும் இல்லையா, அடிக்கட்டை, நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். செக் என்ற சொல்லே ஆரம்பத்தில் அந்த அடிக்கட்டையைத்தான் குறித்தது. 1700களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அப்படித்தான் வழங்கியது. கிழித்துக் கொடுத்த தாளில் யாராவது தொகையைத் திருத்தினால், நம்மிடம் இருக்கும் துண்டை வைத்துச் சரிபார்க்கலாம், செக் பண்ணலாம். காலப்போக்கில் பெயர் அடிக்கட்டையிலிருந்து நழுவி, கொடுத்த தாளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் சுற்றப் போன தாளுக்குப் பெயரும் புகழும், வீட்டிலேயே இருந்து கணக்கைக் காத்த துண்டுக்கு ஒன்றுமில்லை. இது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

இங்கே ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவருடைய செக் ஒன்று திரும்பிப் போயிருந்தது, காரணம் 'கையெழுத்து மாறுபடுகிறது'. திருப்பியது வேறு யாருமில்லை, நான்தான். எங்களிடம் இருந்த மாதிரிக் கையெழுத்து அட்டை இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது, அதில் கையெழுத்து மூக்கும் முழியுமாக இருந்தது. செக்கில் இருந்ததோ காற்றில் ஆடுகிற கொடி. விதிப்படி நான் செய்தது சரி. மறுநாள் ஒரு துணிப்பையோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நூல் கட்டிய அடிக்கட்டைகள், புத்தகம் புத்தகமாக. 'உங்கள் அட்டையில் நடுவே இருபது வருஷத்தைக் காணோம் தம்பி, அது என்கிட்டே இருக்கு, பாருங்க' என்றார்.

பார்த்தேன். நேயர்களே, நிஜமாகவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன், அவருக்குப் பின்னால் வரிசை நின்றது வேறு விஷயம். முதல் கட்டுகளில் எழுத்து உருண்டையாக, அட்டையில் இருந்த அதே கை. நடுவில் ஒரு வருடம் சட்டென்று பெரிதாகியிருந்தது, கண்ணாடி மாற்றவில்லை போல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம். கையெழுத்து எங்கேயும் மாறவில்லை, நடந்தே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு துண்டிலும் காரணம் வேறு எழுதியிருந்தார். 'பல்.' இரண்டு மாதம் கழித்து, 'பல், மறுபடியும்.' 'கூரை ஒழுகல்.' ஒன்றில் ஒரு பெயர் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, 'இவருக்கு இனி தரக் கூடாது.' நாலு தாள் தள்ளி அதே பெயர், இரண்டு மடங்கு தொகை, காரணம் எழுதவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். 'கூடப்பிறந்தவன் ஆயிற்றே, என்ன செய்ய' என்றார். புது அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், செக் பாஸ் ஆயிற்று.

இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் கணக்கு விவரத்தைத் திறந்து பாருங்கள். தேதி இருக்கும், நொடி வரைக்கும் நேரம் இருக்கும், நீளமாக ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். எதற்குக் கொடுத்தோம்? குறிப்பு எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்தான். என் மகன் அதில் ஒரு புள்ளி வைக்கிறான். ஏனடா என்றால், காலியாக விட்டால் சில நேரம் ஏற்க மாட்டேன் என்கிறதாம்.

கதை பேசிக்கொண்டே போகிறேன், கிளியரிங் என்றால் என்ன என்றே சொல்லவில்லை. நீங்கள் ஒரு வங்கியின் செக்கை எனக்குக் கொடுக்கிறீர்கள், நான் அதை என் வங்கியில் போடுகிறேன். என் வங்கி அதை உங்கள் வங்கிக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பணம் வாங்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் இதற்கென்றே குமாஸ்தாக்கள் நாள் முழுக்க ஒவ்வொரு வங்கியாக நடந்தார்கள். கால் வலித்ததோ தாகம் எடுத்ததோ, லம்பார்ட் தெருப் பக்கம் ஒரு மதுக்கடையில் கூடி, உன் செக்கை நீ எடுத்துக்கொள், என் செக்கை என்னிடம் கொடு, மிச்ச வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த பெரிய கிளியரிங் ஹவுஸ்களுக்கெல்லாம் மூலம் அந்த மேஜைதான்.

எங்கள் காலத்திலும் வேலை அதேதான், மதுக்கடை மட்டும் இல்லை. கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்ட செக்குகள், கூட்டல் இயந்திரத்தின் நீளமான காகிதச் சுருள். மாலையில் கூட்டுத்தொகை ஒத்து வராவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அப்போது பெரியவர் ஒருவர் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்: வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதமில்லாமல் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள், அதைத் தேடு. 72ஐ 27 என்று அடித்தால் வித்தியாசம் 45. எந்த இரண்டு பக்கத்து இலக்கங்களை மாற்றினாலும் இப்படித்தான் வரும், வேண்டுமானால் வீட்டில் போட்டுப் பாருங்கள். எத்தனை மாலை இந்த ஒன்பது என்னைக் கடைசி வண்டிக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது!

செக்கின் அடியில் ஒரு விநோதமான எண் வரிசை இருக்குமே, சில இடங்களில் பட்டையாக, சில இடங்களில் மெலிந்து. அந்த மையில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்கிறது. இயந்திரம் அதைக் காந்தமாக்கிப் படிக்கும், மேலே முத்திரை குத்தினாலும் கையெழுத்து வழிந்தாலும் கவலையில்லை. 1950களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம், பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காகச் செக் கணக்கு இயந்திரம் ஒன்றைச் செய்தபோது வளர்ந்த முறை. அதுவரை அந்த வங்கியில் கணக்குகள் வாடிக்கையாளர் பெயரின் அகரவரிசையில்தான் இருந்தன. இயந்திரத்துக்குப் பெயர் புரியாது, அதனால் ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். செக்கைப் பிழைக்க வைப்பதற்காக வந்த எண் அது. இன்று நாம் பணம் அனுப்புவதே அந்த மாதிரி எண்ணை வைத்துத்தான், செக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அப்புறம் தாளே பயணம் செய்வதை நிறுத்தியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் சில நாட்கள் விமானங்கள் பறக்கவில்லை. செக்குகள் அங்கே விமானத்தில்தான் போய்க்கொண்டிருந்தன, அப்படியே தேங்கிப்போயின. செக்கின் படத்திலிருந்து அச்சிட்ட நகலுக்கும் அசலுக்கு நிகரான மதிப்பு உண்டு என்று 2003இல் சட்டம் வந்தது, 2004 அக்டோபரில் அமலானது. தாளுக்குப் பதில் அதன் படத்தை அனுப்பும் முறை பிரிட்டனில் 2017இல்தான் தொடங்கியது.

சரி, எவ்வளவு குறைந்தது? அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் 4000 கோடிக்கும் மேற்பட்ட செக்குகள் எழுதப்பட்டன, 2021இல் சுமார் 1100 கோடி. பிரிட்டனில் உச்சம் 1990, ஏறத்தாழ 400 கோடி, அங்கிருந்து இறங்குமுகம்தான். கடைகளில் அது செத்ததற்குக் காரணம் எளிது. செக்கை வாங்குகிற கடைக்காரருக்கு அது திரும்பிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்காக வங்கிகள் உத்தரவாத அட்டை ஒன்று கொடுத்திருந்தன, குறிப்பிட்ட தொகை வரை நாங்கள் பொறுப்பு என்று, அட்டை எண்ணைச் செக்கின் முதுகில் எழுதிக்கொள்வார்கள். கையில் அட்டை இருக்கும்போது அந்த அட்டையாலேயே பணம் கொடுத்துவிடலாமே! டெபிட் கார்டு வந்ததும் அதுதான் நடந்தது. பிரிட்டன் அந்த உத்தரவாதத் திட்டத்தை 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

அதே பிரிட்டனில் 2009 டிசம்பரில், 2018க்குள் செக்கையே ஒழித்துவிடுவோம் என்று வங்கிகளின் அமைப்பு அறிவித்தது. முதியவர்களும் தொண்டு நிறுவனங்களும் கொதித்துப் போனார்கள், நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்டது, 2011 ஜூலையில் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். எனக்கு அன்று ஏதோ நானே ஜெயித்த மாதிரி இருந்தது. வேறு சில நாடுகள் பின்வாங்கவில்லை. டென்மார்க்கில் 2017இலிருந்து இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2020 முடிவோடு போயிற்று. நியூசிலாந்தின் பெரிய வங்கிகள் 2021க்குள் விட்டுவிட்டன. ஆஸ்திரேலியா 2028 ஜூன் 30க்குப் பிறகு புதிதாகச் செக் இல்லை என்று நாள் குறித்திருக்கிறது.

வங்கிகளைத் திட்ட நான் வரவில்லை. செக்கைக் கையாளும் செலவு, செக் குறைந்தால் அதே அளவில் குறையாது. ஆயிரம் செக் வந்தாலும் பத்து வந்தாலும் இயந்திரம் வேண்டும், ஆள் வேண்டும், திரும்பியதை அனுப்ப ஒரு ஏற்பாடு வேண்டும். கடைசிப் பத்துப் பேருடைய செக்தான் உலகத்திலேயே விலை கூடிய செக். செக்கை நான் ரொம்பப் புகழவும் கூடாது. 'செக் போட்டாச்சு, நாளைக்கு வந்துடும்' என்று எத்தனை பேர் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்கள்! கணக்கில் பணமே இல்லாமல் இரண்டு வங்கிகளுக்கு நடுவே செக்கைச் சுழல விட்டே பிழைப்பு நடத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். செக் போய்ச் சேர அப்போது எடுத்துக்கொண்ட அந்த இரண்டு மூன்று நாள்தான் அவர்களுடைய மூலதனம்.

ஆனால் அதே இரண்டு மூன்று நாள்தான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ராத்திரி படுக்கும்போது ஏதோ இடித்தால், காலையில் வங்கிக்குப் போய் 'ஸ்டாப் பேமெண்ட்' எழுதிக் கொடுக்கலாம், தாள் நின்றுவிடும். இன்றைக்கு ஒரு மோசடிக்காரன் தொலைபேசியில் அவசரப்படுத்தி, பதற்றத்தில் விரல் ஒரு பொத்தானை அழுத்தினால், பத்து நொடியில் பணம் போய்விடும், அடுத்த பத்து நிமிடத்தில் நாலு கணக்கு தாண்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் என்பது தாமதமாகத் தெரிந்ததால் அதை ஒழித்தோம். அதற்குள் ஒரு ராத்திரித் தூக்கம் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் என்று. செக் மோசடி பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். தபாலில் போகும் செக்கைத் திருடி, ரசாயனத்தில் மையைக் கழுவி, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுவது இப்போது அமெரிக்காவில் பெரிய தலைவலி. இன்னும் செக் எழுதுகிறவர்கள் ஜெல் பேனா பயன்படுத்துங்கள், அந்த மை தாளுக்குள் ஊறிவிடும், கழுவுவது கஷ்டம். கைப்பேசி பழகாத முதியவர்கள், பார்வை குறைந்தவர்கள், இவர்கள் பணத்தைக் கையாளப் பிள்ளைகளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அதைப் பற்றியும் பேசத்தான் நினைத்தேன். அடுத்த முறை கூப்பிட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பீரோ இழுப்பறையில் பழைய செக் புத்தகம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேறெதுவும் எழுதாத தாள் ஏதாவது இருந்தால், அந்தத் தாளை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள், துண்டு துண்டாக. அடிக்கட்டைகளைப் போடாதீர்கள். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் புரட்டுங்கள். 'இதை யாருக்குக் கொடுத்தோம்?' என்று ஒருவர் கேட்பார், அப்புறம் அரை மணி நேரம் போவது தெரியாது. நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.