பல இடத்தில் அடிபட்டவர்: ரத்தம் எங்கே போகிறது?

[காட்சி: ஸ்ட்ரெச்சரில் நோயாளி. முறிந்த கால்.]

குரல்: கண் முதலில் இந்தக் காலுக்குத்தான் போகும். ரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையா? டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். அடுத்து மூச்சுப்பாதை, நெஞ்சு. ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, ரத்த அழுத்தமும் சரிகிறது என்றால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றை உடனே வெளியேற்ற வேண்டும்.

[காட்சி: உடல் வரைபடம்]

பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே 1 முதல் 1.5 லிட்டர் வரை சதைக்குள் தேங்கலாம். இடுப்பெலும்பு உடைந்தால் அதற்கும் மேல். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சட்டெனப் பார்க்க ஃபாஸ்ட் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உண்டு. ஆனால் வயிற்றறைக்குப் பின்னால் தேங்கும் ரத்தம் அதில் சரியாகத் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.

[காட்சி: பைண்டர் கட்டுதல்]

உடைந்த இடுப்பெலும்பு வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் பட்டைதான் பைண்டர். பலரும் இதை பெல்ட் போடும் உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். அங்கே கட்டினால் உடைந்த வளையம் சரியாக மூடாது. தொடையின் பக்கவாட்டில், மேலே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டின் மீது கட்டுங்கள். பைண்டர் இல்லையா, மடித்த பெட்ஷீட் போதும்.

[காட்சி: தொங்கும் சலைன் பாட்டில்கள்]

அழுத்தம் குறைந்ததும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து. சலைன் ரத்தத்தை உறைய வைக்காது, ஆக்சிஜனும் சுமக்காது. உறையவைக்கும் புரதங்களை நீர்க்கச் செய்து, உடம்பையும் குளிர வைக்கும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தம் உறைவது தடுமாறும்; கசிவு கூடும்; திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைந்து ரத்தத்தில் அமிலம் ஏறும்; அமிலம் உறைதலை இன்னும் கெடுக்கும். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஈரத் துணியை வெட்டி எடுத்துவிட்டுப் போர்த்துங்கள். ஏசியை நிறுத்துங்கள். ரத்தத்தையும் சூடாக்கி ஏற்றுங்கள்: சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் 1:1:1 கணக்கில். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்க்கும் சிட்ரேட், உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கால்சியமும் கூடவே போக வேண்டும்.

ரத்தக்கட்டு கரையாமல் தடுக்கும் மருந்தான ட்ரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில். பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு 1 கிராம். அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். அதற்குப் பிறகு கொடுத்தால் ரத்தக்கசிவால் இறப்பது கூடியதை, கிராஷ்-2 என்ற பெரிய ஆய்வின் தரவை வைத்து 2011-இல் வெளிவந்த பகுப்பாய்வு காட்டியது.

[காட்சி: ஆபரேஷன் தியேட்டர்]

முதல் நாளே எல்லாவற்றையும் சரிசெய்ய முயல வேண்டாம். ரத்தத்தை நிறுத்தி, கசியும் இடத்தில் துணி பேக் வைத்து அழுத்தி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி ஐசியுவுக்கு அனுப்புங்கள். உடம்பு சூடேறி, உறைதல் சீரானதும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில், மீதி வேலை. அப்போது தலை முதல் கால் வரை மறுபடி பரிசோதியுங்கள். விரல், மணிக்கட்டு முறிவுகள் முதல் நாள் அவசரத்தில் தப்பிவிடும்.