கட்சிக்காரர் பொய்ச் சத்தியம் செய்ய முனைந்தால் வழக்கறிஞர் என்ன செய்ய வேண்டும்?

[திரையில்: தாராவி, பாந்த்ரா நீதிமன்றம்]

வணக்கம். மும்பை பாந்த்ராவில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு ஜீவனாம்ச வழக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். தாராவியில் தோல் பைப் பட்டறை நடத்தும் தமிழர் ஒருவர், தம் சொத்தையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் இவ்வாறு தெரிவிக்க வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கையெழுத்திடுமுன் அவர் சொல்கிறார்: "மாடி வாடகையை எழுத வேண்டாம் சார், ரொக்கமாக வருவது யாருக்குத் தெரியப்போகிறது?"

[திரையில்: பார் கவுன்சில் விதிகள்]

கட்சிக்காரர் முறைகேடான வழியில் இறங்காதபடி வழக்கறிஞர் இயன்றவரை தடுக்க வேண்டும் என்றும், அவர் பிடிவாதம் பிடித்தால் அவருக்காக வாதாட மறுக்க வேண்டும் என்றும் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் கூறுகின்றன. தடுப்பது என்றால் அறிவுரை சொல்லிக் கைகழுவுவது அன்று. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் அளித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம் என்பதையும், குடியிருப்பவரைச் சாட்சியாக அழைத்தாலே வாடகை அம்பலமாகும் என்பதையும் அவருக்குப் புரியும்படி எடுத்துரைக்க வேண்டும். தெரிந்தே பொய்யை எழுதிக் கொடுக்கும் வழக்கறிஞர்மீது, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

ஆனால் தெரிவது வேறு, சந்தேகிப்பது வேறு. "தொழில் மந்தம்" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், கணக்குப் புத்தகத்தைக் கேட்டுச் சரிபார்க்கலாமே தவிர, வழக்கறிஞரே தீர்ப்பு எழுதிவிட முடியாது. அதேசமயம், பதில் தெரிந்துவிடுமோ என்று கேள்வியையே தவிர்ப்பவரை நேர்மையானவர் என்று நான் ஏற்கமாட்டேன்.

விலகுவதானால் தக்க காரணம் இருக்க வேண்டும், போதிய அவகாசத்துடன் கட்சிக்காரருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், உழைக்காத பகுதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: அடுத்த வழக்கறிஞரிடம் அவர் வாடகையைப் பற்றி வாயே திறக்கமாட்டார்!

அப்படியானால் நீதிமன்றத்திடம் சொல்லிவிடலாமா? பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கிறது; சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதை அது காப்பதில்லை. பாதுகாப்பு நீங்குவதாலேயே, தாமாகச் சென்று காட்டிக்கொடுக்கும் கடமை வந்துவிடாது. விலகல் மனுவில் காரணத்தை விரித்துரைக்காமல் இருப்பதே முறை என்பது என் கருத்து.

பொய் ஏற்கெனவே தாக்கலாகிவிட்டதென்றால், திருத்தப்பட்ட கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும்படி அவரை வற்புறுத்த வேண்டும். அவர் மறுத்தால், அந்தப் பொய்யான கணக்கை ஆதாரமாகக் காட்டி ஒரு வரிகூட வாதாடக் கூடாது.