கண்மாய் என்றதும் என்ன தோன்றுகிறது?

(மதுரை வடக்கு மாசி வீதியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய தம்பிக்கும் நன்றி. சித்திரை மாத மதுரையில் பொன்னாடை என்பது மரியாதையா தண்டனையா என்று கேட்டால், அதிலேயே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பிரிந்த ஊரின் மனத்தைச் சொற்களால் அளப்பது எப்படி என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்கிறேன். ஒரு சொல்லைச் சொல்லி, உடனே மனத்தில் தோன்றுவதைக் கேட்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது, எதிரெதிராக நிற்கும் இரண்டு தரப்பை இதனால் எப்படி அளப்பது, இது எங்கே பொய் சொல்லும். என் அப்பத்தா சொல்வது போல ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்தப் பழமொழி இல்லாமல் நான் மேடை இறங்கியதில்லை. நண்பர்கள் எனக்கு ‘ஒரு சோறு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1879இல் பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 75 சொற்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றாகத் தானே எடுத்துப் பார்த்து, மனத்தில் முதலில் எழுவதைக் குறித்துக்கொண்டார். பிறகு சூரிச்சில் கார்ல் யுங் என்ற மனநல மருத்துவர் 100 சொற்களோடும் ஒரு ஸ்டாப் வாட்ச்சோடும் உட்கார்ந்தார். பதில் தாமதமானால் அந்தச் சொல்லுக்கு அடியில் ஏதோ புண் இருக்கிறது என்பது அவர் கணக்கு. 1910இல் அமெரிக்காவில் கென்ட், ரோசனாஃப் என்ற இருவர் 1,000 பேரிடம் 100 சொற்களைச் சொல்லிப் பார்த்தார்கள். ‘மேசை’ என்றதற்கு அதிகமாக வந்த பதில் ‘நாற்காலி’. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டுமா என்று கேட்பீர்கள். ஆனால் மேசைக்குப் பதிலாக ‘ஜல்லிக்கட்டு’ என்று சொல்லிப் பாருங்கள்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து அலங்காநல்லூரிலும் தமுக்கம் மைதானத்திலும் கூட்டம் அலைமோதியது. 2023 மே 18 அன்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. இத்தனை ஆண்டுகளும் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வேண்டுமா, வேண்டாமா? கை தூக்கினோம், எண்ணினார்கள். அதற்குப் பதிலாக, ஜல்லிக்கட்டு என்றதும் தோன்றும் மூன்று சொற்களை எழுதச் சொன்னால்? ஒருவர் திமில், வாடிவாசல், வீரம் என்பார். இன்னொருவர் ரத்தம், வதை, சாவு என்பார். மாடுபிடி வீரரின் தாயார் ‘ஆஸ்பத்திரி’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பார். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

எந்தச் சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள், அது முதலாவதாக வந்ததா மூன்றாவதாக வந்ததா என்று எண்ண வேண்டும். சொன்னவரையே அதற்குப் பக்கத்தில் நல்லதா கெட்டதா என்று குறியிடச் சொல்ல வேண்டும். இரண்டு தரப்பும் அதே சொற்களைச் சொல்லிக் குறி மட்டும் மாறினால், சண்டை தீர்ப்பைப் பற்றியது. சொற்களே வேறு வேறு என்றால், அவர்கள் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டிமன்ற நடுவராலும் அதைத் தீர்க்க முடியாது.

ஒரு கதை சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர். “ஐயா, ஒரு சொல் சொல்கிறேன், யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். கண்மாய்.” டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “என் கல்யாணம்.” கடையே திரும்பிப் பார்த்தது.

அந்தக் காலத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் அவர் ஊர்க் கண்மாயைப் பார்ப்பார்களாம். தண்ணீர் நின்றால்தான் பேச்சு. அந்த வருடம் மழை பொய்த்து, இவர் ஊர்க் கண்மாயில் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவருடைய அப்பா என்ன செய்தார்? சம்பந்தி வீட்டாரை வண்டிகட்டி, நேர்வழியை விட்டுவிட்டுச் சுற்றுவழியில், பக்கத்து ஊர்க் கரை மேலே ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே கலுங்கு தாண்டி மறுகால் பாய்கிறது! “இதுதான் நம் கண்மாய்” என்றாராம். பெண்ணின் மாமா ஒருவர் இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தே பார்த்துவிட்டார். அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. கல்யாணம் முடிந்து மறுவாரம் புதுப்பெண் குளிக்கப் போகக் கண்மாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். நாத்தனார் கூட்டிப் போய்க் கிட்டிப்புள் மைதானத்தைக் காட்டியிருக்கிறார்.

நான் விடவில்லை. அவர் வீட்டுக்கே போய், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆச்சியிடம் அதே சொல்லைச் சொன்னேன். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, “ஏமாற்று” என்றார். ஒரே வீடு, ஒரே சொல். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஏமாற்று!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தப் பானையைக் கிளறி விட்டிருந்தால்தானே பதம்? அடியில் தீய்ந்து மேலே வேகாத பானையில் எந்தச் சோற்றை எடுத்து நசுக்குவீர்கள்?

என் பேரனிடமும் அதே சொல்லைச் சொன்னேன். “கொசு” என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் பார்த்த கண்மாய் அதுதான். ஆகாயத்தாமரை, கோழிக்கழிவு, கட்டட இடிபாடு. அவன் தாத்தாவுக்கு அதே கண்மாய் மடை, கெண்டை, கரைப் புளியமரம். தாய்மார்களே, கண்மாயை மீட்க வேண்டும் என்று நாம் மனுக் கொடுத்தால் ஊரில் பாதிப் பேர் ஏன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்? நமக்கு எதிரிகளா அவர்கள்? கொசுவை யார் மீட்பார்கள்? மாடக்குளம், வண்டியூர், செல்லூர் என்று பெயர் சொல்லிக் கண்மாய் இருக்கும் ஊர் இது. உலகநேரியில் ‘ஏரி’ ஒலிக்கிறது. பஸ்ஸில் போகிற எத்தனை பேர் காதில் விழுகிறது?

சொல் மாறும் என்பதற்கும் நம் ஊரே சாட்சி. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், தீண்டாமையால் வெளியே நிறுத்தப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதற்கு முந்தைய நாள் ‘கோயில்’ என்று கேட்டிருந்தால், வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘மதில்’ என்றிருக்கலாம். உள்ளே போய் வந்த பிறகுதான் சொல் மாறும். கண்மாய்க்கும் அதுதான் வழி. பிள்ளைகள் ஒரு மழைக்காலமாவது அதில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் திறக்க வேண்டும். மாமன்ற உறுப்பினர் அம்மா சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன். பொறியாளர் ஐயா எங்கள் வரத்துக்காலின் பழைய வரைபடத்தைத் தேடித் தருவதாக மேடையிலேயே காதில் சொன்னார். இனி அவர் தப்ப முடியாது.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். இந்த முறை எங்கே பொய் சொல்லும் என்ற மூன்றாவது செய்தி பாக்கி. அடுத்த கூட்டத்தில் பொன்னாடை இல்லாமல் கூப்பிட்டால் சொல்கிறேன்.

உங்கள் நாற்காலியில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. பெயர் வேண்டாம். வயதை மட்டும் போட்டு, கண்மாய் என்றதும் தோன்றும் மூன்று சொற்களை எழுதி, பக்கத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இட்டு, வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் கண்மாய்க் கரையில் வைத்து எண்ணுவோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டு வாருங்கள். என் வீட்டில் இரண்டுதான் இருக்கின்றன.