நஞ்சைப் பிடித்து வைக்கும் கரி: ஆக்டிவேட்டட் சார்கோல் எப்போது உதவும்?

(காட்சி: ஒரு கோப்பை நிறைய தார் போலக் கறுத்த திரவம். அதில் ஒரு ஸ்ட்ரா.)

மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு அவசரப் பிரிவில் சில சமயம் இதைத்தான் குடிக்கக் கொடுப்பார்கள். ஆக்டிவேட்டட் சார்கோல், அதாவது தண்ணீரில் கலக்கிய கரித்தூள். சுவை என்று ஒன்றும் இல்லை, ஆனால் வாயில் நறநறக்கும். பல்லும் உதடும் கறுத்துப்போகும்.

(காட்சி: ஒரு கரித்துகள், மிக அருகில்.)

மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ கரியாக்கி, அதன்மேல் கடும் சூட்டில் நீராவியைப் பாய்ச்சுகிறார்கள். நீராவி அரிக்க அரிக்க, துகளுக்குள் எண்ணிலடங்காத நுண்துளைகள் உண்டாகும். ஒரு கிராம் கரியில் இருக்கும் பரப்பை எல்லாம் விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். பெரியவர்களுக்கு வழக்கமாக 50 கிராம் கொடுப்பார்கள். கணக்குப் போட்டால், ஏழு கால்பந்து மைதானம் அளவுக்கான பரப்பு அந்த ஒரு கோப்பைக்குள் இருக்கிறது!

மருந்தின் மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளியில் 'பரப்புக் கவர்தல்' என்று படித்தோமே, அதுதான். ஒட்டியது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது, கரியோடு மலத்தில் வெளியேறிவிடும்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கரி நஞ்சை முறிப்பதில்லை. அது ரத்தத்துக்குள் போவதும் இல்லை. வயிற்றிலும் குடலிலும் மிச்சம் இருப்பதைத்தான் அதனால் பிடிக்க முடியும். அதனால்தான் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம் என்கிறார்கள். மெதுவாகக் கரையும் மாத்திரை என்றால் அதற்குப் பிறகும் கொடுப்பது உண்டு. கார்பமாஸெபின், தியோஃபிலின் போன்ற சில மருந்துகள் ரத்தத்திலிருந்து குடலுக்குள் திரும்பக் கசியும். அவற்றுக்குக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள்.

(காட்சி: கரியைத் தொடாமல் நழுவிச் செல்லும் சிறு உருண்டைகள்.)

சரி, எல்லா நஞ்சும் ஒட்டுமா? ஒட்டாது. இரும்புச் சத்து மாத்திரை, லித்தியம், சாராயம் ஆகியவற்றைக் கரியால் பிடிக்க முடியாது. ஆசிட், காஸ்டிக் சோடா போன்ற காரம், மண்ணெண்ணெய் குடித்தவருக்குக் கரி கொடுக்கவே மாட்டார்கள். பாராசிட்டமால் நன்றாகவே ஒட்டும். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே கலந்துவிட்டதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து வேண்டும். கரியைக் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு ஒன்று. "கரிதானே, வீட்டிலேயே கொடுத்துவிடலாம்" என்ற எண்ணம். தூக்கக் கலக்கத்தில், அரை மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் வாந்தி வந்து, கரி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். நுரையீரலுக்குப் போன கரி உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நோயாளி தெளிவாக விழித்திருக்கிறாரா, மூச்சுப்பாதை பாதுகாப்பாக இருக்கிறதா என்று மருத்துவர் முதலில் பார்க்கிறார். பல பேருக்குக் கரியே வேண்டாம் என்றும் முடிவெடுக்கிறார். அடுப்புக் கரிக்கு இத்தனை நுண்துளைகளும் கிடையாது. கடையில் விற்கும் கேப்சூலில் கால் கிராம் கரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 50 கிராமுக்கு 200 கேப்சூல் விழுங்க வேண்டும்.

(காட்சி: காலியான மாத்திரை அட்டை, பக்கத்தில் ஒரு கடிகாரம்.)

யாராவது மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் உடனே அவசர உதவியை அழையுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காலி அட்டை, பாட்டில் எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வேண்டுமென்றே விழுங்கியிருந்தாலும் திட்டாதீர்கள். பயந்துபோனவர் நேரத்தை மாற்றிச் சொல்லிவிடலாம். மருத்துவர் கரியைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பது அந்த நேரத்தையும் வைத்துத்தான்.